பிறவியா? பழக்கமா? பலியாவது யார் வீட்டுப் பெண்?



ஆணுக்கு ஆண் மீதும் பெண்ணுக்குப் பெண் மீதும் நாட்டம் ஏற்படுவது பிறவிக் குணமா, அல்லது வளர்ப்பாலும் சகவாசத்தாலும் வருவதா? 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் 377ஆவது சட்டப்பிரிவின் பல்லைப் பிடுங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி நம் இளைஞர்களின் செல்போனிலும் கடைத்தெருவிலும் ஓயாமல் சுற்றி வருகிறது. ஒரு கூட்டம், எல்லாம் மரபணு, விஞ்ஞானம் நிரூபித்து முடித்துவிட்டது, இனி மார்க்கம் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. இன்னொரு கூட்டம், அதாவது நம்முடைய கூட்டம், எல்லாம் சினிமாவும் இன்டர்நெட்டும் செய்த கேடு, நாலு அறை விட்டு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் பையன் சரியாகி விடுவான் என்கிறது.

இரண்டுமே பொய்! முதல் பொய்யால் பட்டணத்துப் பத்திரிகைகளில் மை செலவாகிறது. இரண்டாவது பொய்யால் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் வாழ்க்கை செலவாகிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓரினச் சேர்க்கை என்ற செயல் மார்க்கத்தில் ஹராம். லூத் (அலை) அவர்களின் சமுதாயத்தைப் பற்றித் திருக்குர்ஆன் பல இடங்களில் பேசுகிறது. அதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. 377ஆவது பிரிவு நீடிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு வழக்கில் வாதிட்டவர்களில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் ஒன்று. ஓரினத் திருமணத்தைச் சட்டமாக்கக் கேட்டவர்களுக்கு 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே முடியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே யாரும், 'இந்தப் பத்திரிகையும் மேற்கத்தியக் காற்றில் பறக்கத் தொடங்கிவிட்டதா?' என்று பதற வேண்டாம். நாம் கேட்பது வேறு. ஹராம் என்று சொல்லிவிட்டு நாம் செய்துகொண்டிருக்கும் காரியங்கள் ஹலாலா?

விஞ்ஞானம் சொன்னது என்ன?

1991இல் அமெரிக்காவில் பணியாற்றிய சைமன் லெவே என்ற மூளை ஆய்வாளர் இறந்துபோன 41 பேரின் மூளைகளைப் பரிசோதித்தார். ஹைபோதலாமஸ் என்ற பகுதியில் உள்ள ஒரு சிறு திரள், ஓரின நாட்டம் கொண்ட ஆண்களிடம் மற்ற ஆண்களைவிடச் சிறியதாக இருக்கிறது என்றார். பிறக்கும்போதே அப்படி இருந்ததா, பிறகு அப்படி ஆனதா என்பதைத் தம் ஆய்வு நிரூபிக்கவில்லை என்று அவரே சொன்னார். அதை யார் கேட்டார்கள்? 1993இல் டீன் ஹேமர் என்பவர் 40 ஜோடிச் சகோதரர்களை ஆராய்ந்தார். அவர்களில் 33 ஜோடிகளிடம் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் ஒரே அடையாளம் இருக்கக் கண்டார். உடனே உலகப் பத்திரிகைகள் 'மரபணு கிடைத்துவிட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டன. 1999இல் கனடாவில் வேறு ஒரு குழு அதே இடத்தில் தேடியபோது அது கிடைக்கவில்லை. அந்தச் செய்திக்குக் கொட்டை எழுத்து இல்லை!

2019இல் 4,77,000க்கும் அதிகமானவர்களின் மரபணுக்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. அதன் முடிவு என்ன? இதற்கென்று தனி மரபணு ஒன்று இல்லை. சிறிது சிறிதாகப் பங்களிக்கும் ஏராளமான மரபணுக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் தெளிவாகப் பிடிபட்டவை ஐந்து. எல்லாவற்றையும் சேர்த்தாலும் மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் 8 முதல் 25 சதவீதம் வரைதான் விளக்க முடிகிறது. ஒருவனுடைய ரத்தத்தைச் சோதித்து இவன் இப்படிப்பட்டவன் என்று எந்த லேப்பிலும் எழுதித் தர முடியாது.

அப்பாடா, மரபணு இல்லையென்றால் வளர்ப்புதான் காரணம் என்று கைதட்டக் கிளம்பிவிடாதீர்கள். ஸ்வீடன் நாட்டில் இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆண்களைப் பொறுத்தவரை மரபணுவின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒரே வீட்டில், ஒரே தாய் தகப்பனிடம் வளர்ந்த வளர்ப்பின் பங்கு என்ன தெரியுமா? கிட்டத்தட்ட பூஜ்யம்! பெண்களிடம் வீட்டுச் சூழலுக்கு 16, 17 சதவீதப் பங்கு தெரிந்தது. மீதியெல்லாம் அவரவருக்கு மட்டுமே நேர்கிற, பெயர் வைக்க முடியாத காரணங்கள். கருவறைக்குள் நடப்பதும் அதில் அடங்கும்.

கருவறை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே தாய் வயிற்றில் முன்பு பிறந்த அண்ணன்மார் எண்ணிக்கை கூடக்கூட, பின்னால் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு இந்த நாட்டம் ஏற்படும் வாய்ப்பு சற்றே கூடுகிறது என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1996 முதல் சொல்லி வருகிறார்கள். 2006இல் வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. அந்த அண்ணன்மார் வேறு வீட்டில் வளர்ந்திருந்தாலும் கணக்கில் வருகிறார்கள். ஒரே வீட்டில் கூட வளர்ந்த மாற்றாந்தாய் மகனோ தத்துப்பிள்ளையோ கணக்கில் வருவதில்லை. அப்படியானால் விஷயம் வீட்டுக்குள் இல்லை, வயிற்றுக்குள் இருக்கிறது. (நாலைந்து ஆண் பிள்ளை பெற்ற தாய்மார்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். சற்றே கூடினாலும் அது மிகச் சிறிய எண்ணிக்கைதான்.)

சுன்னத் செய்யப்போய்...

வளர்ப்பை மாற்றினால் ஆளை மாற்றிவிடலாம் என்று நம்புகிறவர்கள் கனடாவின் டேவிட் ரைமர் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1965இல் இரட்டையரில் ஒருவராகப் பிறந்த ஆண் குழந்தை. எட்டு மாதத்தில், மருத்துவக் காரணத்துக்காகச் செய்த சுன்னத்தில், மின்சாரக் கருவி சுட்டு அவன் ஆணுறுப்பே போய்விட்டது. திகைத்து நின்ற பெற்றோரிடம் ஜான் மணி என்ற அமெரிக்க நிபுணர், 'ஆண் பெண் என்பதெல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது, இவனைப் பெண்ணாக வளர்த்துவிடுங்கள்' என்றார். அறுவை செய்தார்கள். பெண் பெயர் வைத்தார்கள், கவுன் போட்டார்கள், ஹார்மோன் கொடுத்தார்கள். நிபுணர் அதைத் தம் வெற்றியாக உலகமெங்கும் பேசித் திரிந்தார்.

அந்தப் பிள்ளை ஒரு நாளும் பெண்ணாகவில்லை. 14 வயதில் உண்மையைத் தகப்பன் சொன்னதும் ஆணாகவே வாழ முடிவு செய்தான். பெரியவனாகி ஒரு பெண்ணைத் திருமணமும் செய்துகொண்டான். ஆனால் பட்ட காயம் ஆறவில்லை. 2004இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

அல்லாஹ் வைத்த நாட்டத்தை ஒரு நிபுணரின் கவுனும் ஹார்மோனும் மாற்ற முடியவில்லை. பெரும்பான்மையோர் விஷயத்தில் இதைக் கேட்டதும் 'சுப்ஹானல்லாஹ்' என்று தலையாட்டுகிற நாம், சிறுபான்மையாகச் சிலரிடம் வேறு விதமான நாட்டம் வேரூன்றியிருக்கும்போது மட்டும், பெல்ட்டால் அடித்தால் மாறிவிடும் என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம்?

அப்படியானால் சமுதாயத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. சமுதாயம் நாட்டத்தை உண்டாக்குவதைவிட, நடத்தையை வளைக்கிறது. அந்த மனிதன் வாழும் வாழ்க்கையை வடிவமைக்கிறது. பெண்வாடையே இல்லாமல் ஆண்களை அடைத்து வைக்கும் சிறைச்சாலை, கப்பல், விடுதி எல்லாவற்றிலும் தவறுகள் நடக்கின்றன. வெளியே வந்ததும் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய இயல்புக்கே திரும்பிவிடுகிறார்கள். வளைகுடாவில் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று இரண்டு வருடம் அடைந்து கிடக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி வெள்ளாற்றங்கரையில் இருக்கும் நம் லப்பைக்குடிக்காட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர்களின் பணிக்காலத்துக்கே வரம்பு கட்டினார்கள் உமர் (ரலி) அவர்கள். நாமோ விசாவைக் காட்டி அந்த வரம்பை உடைத்துவிட்டு, ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று மேடையில் முழங்குகிறோம்.

உபதேசம் செய்யும் வெள்ளைக்காரன்

இந்த இடத்தில் மேற்கத்திய நாடுகளையும் சும்மா விட முடியாது. முஸ்லிம்கள் காட்டுமிராண்டிகள், எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இன்றைக்கு உபதேசம் செய்கிறார்களே, இந்தியாவுக்கு 377ஆவது பிரிவைக் கொண்டுவந்தது யார்? 1837இல் மெக்காலே தலைமையில் தண்டனைச் சட்டத்துக்கு வரைவு எழுதி, 1860இல் சட்டமாக்கி, 1862 ஜனவரி 1 முதல் நம் தலையில் சுமத்தியவர்கள் ஆங்கிலேயர்கள்! 1967இல் தங்கள் நாட்டில் அதைத் தளர்த்திக்கொண்டார்கள். நம்மிடம் விட்டுச் சென்றது அப்படியே கிடந்தது.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் ரகசியச் சங்கேதங்களை உடைத்து இங்கிலாந்தைக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் ஆலன் டியூரிங். கம்ப்யூட்டருக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1952இல் ஓரினச் சேர்க்கைக் குற்றத்துக்காக அவரை நீதிமன்றத்தில் நிறுத்தி, சிறைக்குப் போகிறாயா, ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டார். 1954இல் 41 வயதில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று தீர்ப்பானது. 2013இல் ராணியார் மன்னிப்பு வழங்கினார்களாம்! நேற்று ஊசி போட்டவன் இன்று ஊர்வலம் போகிறான். நாளை என்ன செய்வானோ? இந்த ஊசலாட்டத்தை நம்பி நாம் ஏன் ஆட வேண்டும்? நமக்கு நம் மார்க்கச் சட்டம் போதாதா?

இமாம் நவவி பிரித்துக் காட்டியது

மார்க்கச் சட்டம் என்றதும் கையை முறுக்கிக்கொண்டு கிளம்பும் இளைஞர்களே, கொஞ்சம் நில்லுங்கள். ஃபிக்ஹ் நூல்களை எழுதியவர்கள் நம்மைவிட நிதானமாகச் சிந்தித்தவர்கள்.

உள்ளத்தில் எழும் எண்ணத்துக்கு, அதைச் செயலாக்காதவரை, பேசாதவரை, இந்தச் சமுதாயத்தை அல்லாஹ் குற்றம் பிடிப்பதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. செயலுக்குத்தான் விசாரணை. பெண்கள் மீது நாட்டமில்லாத ஆண்கள் என்று ஒரு வகையினரைத் திருக்குர்ஆனே (24:31) குறிப்பிடுகிறது. பெண்தன்மை கொண்டவர்களைப் பற்றிய ஹதீஸுக்கு 13ஆம் நூற்றாண்டில் விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். படைப்பிலேயே அப்படி அமைந்தவர் ஒரு வகை. அவர் மீது பழியும் இல்லை, பாவமும் இல்லை, தண்டனையும் இல்லை. வேண்டுமென்றே அப்படி வேஷம் கட்டுகிறவர் இன்னொரு வகை, கண்டனம் அவருக்குத்தான். ஆண், பெண் என்று சொல்ல முடியாத உடலமைப்புடன் பிறந்த குன்ஸாவுக்கு வாரிசுரிமை எப்படிப் பிரிப்பது, தொழுகை வரிசையில் எங்கே நிறுத்துவது என்றெல்லாம் நம் இமாம்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி வைத்தார்கள். தமிழ்நாடு அரசு திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது 2008இல். நம் ஃபிக்ஹ் அவர்களுக்குச் சொத்தில் பங்கு பிரித்தது எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பு!

நவவி இமாம் பேசியது நடை, பேச்சு, பாவனை பற்றி. இன்றைய கேள்வி நாட்டத்தைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் அந்த அளவுகோல் ஒன்றுதான். தானாகத் தேடிக்கொள்ளாததற்கு மனிதனைப் பழிக்கக் கூடாது. தானாகச் செய்வதற்கு அவன் பொறுப்பாளி. அந்த நாட்டத்தோடு போராடிக்கொண்டு, தொழுகையும் நோன்பும் விடாமல், தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு வாழும் ஒரு பிள்ளை நம் மஹல்லாவில் இருந்தால், அவன் நம்மைவிடப் பெரிய ஜிஹாதைச் செய்துகொண்டிருக்கிறான். அவனைப் பட்டப்பெயர் வைத்து அழைப்பவன்தான் திருக்குர்ஆனின் 49:11 வசனத்தை மீறுகிறான். அவன் செல்போனைத் துருவுகிறவன் 49:12ஐ மீறுகிறான். நான்கு சாட்சி இல்லாமல் ஒருவர் கற்பின் மீது பழி சுமத்துகிறவனுக்கு 80 கசையடி என்ற வசனம் (24:4) நம் திண்ணைப் பேச்சுக்காரர்களுக்கு நினைவிருக்கிறதா?

தம் குற்றத்தைத் தாமே வந்து ஒப்புக்கொண்ட மாஇஸ் (ரலி) அவர்களிடமிருந்து நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரை அனுப்பி வைத்தவரிடம், உன் ஆடையால் அவரை மறைத்திருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும் என்ற கருத்தில் சொன்னார்கள். இதுவா நம் வழக்கம்? நாம் மறைக்க வேண்டியதை வாட்ஸ்அப்பில் போடுகிறோம். மறைக்கக் கூடாததை மறைக்கிறோம்.

மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. சிறுவர்களைச் சீண்டுகிறவன் எவனாக இருந்தாலும், தாடி வைத்திருந்தாலும், உஸ்தாதாக இருந்தாலும், உறவுக்காரனாக இருந்தாலும், அவன் போக்சோ சட்டத்தின் (2012) கீழ்க் குற்றவாளி. அவனைப் போலீசில் ஒப்படைப்பது கடமை. இதற்கும் நாட்டத்துக்கும் முடிச்சுப் போட்டு, விடுதியில் பாதிக்கப்பட்ட பையனையே 'இவனும் அப்படித்தான்' என்று முத்திரை குத்துவது இரட்டை அநியாயம். இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆவது பிரிவையே முழுவதுமாகக் காணோம். வயது வந்த ஓர் ஆண் பலாத்காரத்துக்கு ஆளானால் வழக்குப் போட முன்பிருந்த அந்தப் பிரிவும் இன்று இல்லை!

வைத்தியம் என்ற வியாபாரம்

மகனைப் பற்றித் தெரிந்ததும் தகப்பன் முதலில் ஓடுவது வைத்தியத்துக்கு. லாட்ஜில் அறை எடுத்து 'சிறப்பு முகாம்' போடும் வைத்தியர்கள், நரம்புத் தளர்ச்சிக்கும் இதற்கும் ஒரே லேகியத்தை விற்கிறார்கள். இன்னொரு பக்கம் தாயத்து, தகடு, பேயோட்டுதல். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்ட மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்களே, மறந்துவிட்டோமா? அவர்கள் வேறு நோய்க்காகக் கொண்டுபோய் விடப்பட்டவர்கள். ஆனால் புரியாத பிள்ளையை எங்காவது கட்டிப்போட்டுவிட்டு வந்தால் நிம்மதி என்று நினைக்கும் மனசு அதே மனசுதானே?

இது நோயே இல்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. 'அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்' என்பீர்கள். சரி, மாற்ற முடியும் என்று சொன்னவர்கள் கதி என்ன? நாட்டத்தை மாற்றிக்கொண்டதாகச் சொன்ன 200 பேரைப் பேட்டி கண்டு, மாற்றம் சாத்தியமே என்று 2003இல் எழுதிய ராபர்ட் ஸ்பிட்சர் என்ற புகழ்பெற்ற மருத்துவர், தம் ஆய்வு செல்லாது என்று 2012இல் மன்னிப்புக் கேட்டார். இதற்காகவே பல்லாண்டுகள் நடந்த எக்ஸோடஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பு, 2013இல் தன் கதவை மூடிக்கொண்டது. மத நம்பிக்கையோடு, பண பலத்தோடு, ஆள் பலத்தோடு முயன்றவர்களுக்கே முடியாதது லாட்ஜ் வைத்தியருக்கு முடியுமா?

நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்ததையும் பாருங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு இளம்பெண்கள், பெற்றோர் புகாரால் போலீஸ் துரத்துகிறது என்று பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் தாமே உட்கார்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7 அன்று, மருத்துவத்தால் இவர்களை மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதே 2022 மே 31 அன்று கேரள உயர்நீதிமன்றத்தின் முன் நின்ற இரண்டு பெண்களும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். சவூதியில் பள்ளியில் படித்தபோது பழகியவர்கள். 'நம் சமுதாயத்தில் இதெல்லாம் கிடையாது' என்று இனியும் சொல்லிக்கொண்டிருப்பவர் கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது.

அந்தத் தீர்ப்புகளில் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் நாம் ஏற்கவில்லை. ஆனால் அறியாததை அறியாதது என்று சொல்லிவிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த நடத்தை, அறிவில்லாததைப் பின்பற்றாதே என்று 17:36இல் நமக்கு இடப்பட்ட கட்டளை அல்லவா? அதை ஒரு மாற்றுமத நீதிபதி செய்கிறார். நம் முத்தவல்லிகள் செய்ய மறுக்கிறார்கள்.

ஈரத் தானியம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். வைத்தியம் பலிக்காவிட்டால் கடைசி வைத்தியம் கல்யாணம்!

விடுமுறை இரண்டு மாதம். முதல் வாரம் பெண் பார்ப்பு, மூன்றாவது வாரம் நிகாஹ். மகனுக்கு என்ன என்பது தாய்க்குத் தெரியும், தகப்பனுக்குத் தெரியும், சில இடங்களில் அண்ணன்மாருக்கும் தெரியும். பெண் வீட்டாருக்கு மட்டும் தெரியாது. நகை, சீர்வரிசை, விருந்து. பிறகு விமானம் ஏறிவிடுகிறான். ஊரில் இருக்கும் அந்தப் பத்தொன்பது, இருபது வயதுப் பெண் என்ன ஆகிறாள்? 'உனக்குப் புருஷனை வசப்படுத்தத் தெரியவில்லை' என்று மாமியார் இடிக்கிறாள். இரண்டு வருடம் கழித்து, 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று ஊர் கேட்கிறது. மலடி என்ற பட்டமும் அவளுக்கே! தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவள் நம்பிக்கொண்டு, வாய் திறந்து தாயிடம்கூடச் சொல்ல முடியாமல் வாடுகிறாள். அந்தப் பையனாவது நிம்மதியாக இருக்கிறானா? அவனும் ஒவ்வொரு விடுமுறைக்கும் தூக்குமேடைக்கு வருவது போல வருகிறான். இது லப்பைக்குடிக்காடு என்றில்லை, விசாவை நம்பி வாழும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

வியாபாரிகளே, உங்களுக்குத் தெரிந்த பாஷையில் பேசுவோம். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்கிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஒரு மரக்கால் தானியத்துக்கே இந்தத் தீர்ப்பு! உங்கள் மகன் சரக்கு அல்ல. எதிர்வீட்டுப் பெண்ணும் சரக்கு அல்ல. ஆனால் ஈரத்தை அடியில் தள்ளி மேலே காய்ந்ததைப் பரப்பிய கை அதே கைதானே? எடைக்கல்லில் ஒரு கிராம் குறைந்தால் நரகத்துக்கு அஞ்சுகிற ஹாஜியார், மருமகளாக வருகிறவளின் ஐம்பது வருட வாழ்க்கையைக் குறைத்து நிறுக்கும்போது ஏன் அஞ்சுவதில்லை?

திருமணத்துக்கு வழி இல்லாதவர் கற்பைக் காத்துக்கொள்ளட்டும் என்று 24:33 வசனம் சொல்கிறது. எல்லோரையும் பிடித்துக் கட்டி வையுங்கள் என்று எங்கே சொல்கிறது? கடமையை நிறைவேற்ற முடியாது என்று தெரிந்தே ஒரு பெண்ணை மணந்து அவளுக்கு அநியாயம் செய்வது கூடாது என்பது ஃபிக்ஹ் படித்த எவரும் அறிந்தது. தகப்பன் தன் விருப்பப்படி கட்டி வைத்த நிகாஹை எதிர்த்து கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்கள் முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்த நிகாஹையே ரத்து செய்தார்கள். சம்மதம் என்பது வெறும் தலையாட்டல் அல்ல. என்னவென்று தெரியாமல் சொல்லும் சம்மதம் எப்படிச் சம்மதமாகும்?

மாட்டிக்கொண்ட சகோதரிகளுக்கும் வழி இருக்கிறது. தாம்பத்தியத்துக்கு இயலாத கணவனுக்கு ஓராண்டு தவணை கொடுத்து, பிறகு பிரித்துவைப்பது உமர் (ரலி) அவர்கள் காலத்துத் தீர்ப்பு. அதை ஒட்டித்தான் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமே எழுதப்பட்டிருக்கிறது. திருமணத்தின்போதே இயலாதவனாக இருந்து இன்றும் அப்படியே இருந்தால், அல்லது நியாயமான காரணமின்றி மூன்று ஆண்டுகள் தாம்பத்தியக் கடமைகளைச் செய்யாவிட்டால், அல்லது இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காவிட்டால், மனைவி நீதிமன்றத்தில் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இது அவளுடைய உரிமை. அவன் தலாக் சொல்லட்டும் என்று அவள் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. ஷரீஅத்தைக் காக்க வீதிக்கு வந்து கோஷம் போடும் நாம், இந்தச் சட்டத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு நாளாவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

ஜமாஅத் நிர்வாகிகளே! நிகாஹ் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளையைத் தகப்பனும் அண்ணனும் இல்லாத அறையில் தனியாக உட்காரவைத்து, இமாம் ஒருவர் மட்டும், இந்தக் கல்யாணம் உன் மனசுக்குச் சம்மதமா, யாரும் வற்புறுத்துகிறார்களா என்று கேட்கட்டும். அவன் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் நிறுத்தட்டும். அந்தப் பேச்சு அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அந்த இமாமை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்குங்கள். மணப்பெண்ணிடமும் அவளுடைய தாயோ மாமியோ இல்லாமல் விவரம் தெரிந்த ஓர் ஆலிமா கேட்கட்டும். மூன்று வருடமாகப் பிறந்த வீட்டில் கிடக்கும் பெண் பஞ்சாயத்துக்கு வந்தால், பொறு, சரியாகிவிடும் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவள் நகையையும் சீர்வரிசையையும் எண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு, பிரித்து வைத்து, மறுமணத்துக்கு மாப்பிள்ளை தேடுங்கள்.

தகப்பன்மார்களே! மகன் என்றைக்காவது துணிந்து உங்களிடம் வந்து, 'அத்தா, எனக்குக் கல்யாணம் வேண்டாம், காரணத்தைக் கேட்காதீர்கள்' என்று சொன்னால், கையை ஓங்குவதற்கு முன், வீட்டை விட்டுத் துரத்துவதற்கு முன், அடுத்த தெருவில் நீங்கள் பேசி முடித்து வைத்திருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போய் அந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். வாங்கிய அட்வான்ஸ் பணத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.